பழைய மடிக்கணினிக்குப் புதிய பணிசெயல் முறைமை: எறிவதற்கு முன் அறிய வேண்டியவை

2025 ஒக்டோபர் 14ஆம் திகதி, வின்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னும் பல வீடுகளில் மடிக்கணினியைத் திறந்தபோது, "உங்கள் கணினி வின்டோஸ் 11 இற்குத் தகுதியற்றது" என்ற கருத்துப்பட ஓர் அறிவித்தல் திரையில் தோன்றியது. மூத்த பிள்ளை பல்கலைக்கழகம் போகும்போது வாங்கியதும், வெளிநாட்டில் இருக்கும் மாமா விடுமுறையில் வரும்போது கொண்டுவந்து தந்ததுமாக எமது வீடுகளில் இருக்கும் கணினிகளிற் பல ஏழெட்டு வருடங்கள் பழையவை. இதைக் கண்ட பெற்றோர் சிலர், "இனி இது சரிவராது, புதிதாக ஒன்று வாங்கத்தான் வேண்டும்" என்று கவலைப்படுகிறார்கள். வேறு சிலர் அறிவித்தலை மூடிவிட்டு எதுவும் நடக்காதது போலப் பாவிக்கிறார்கள்.

இந்த இரண்டு முடிவுகளுமே அவசரமானவை. 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. அதன் பின் புதிய மடிக்கணினி என்பது ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பாகிவிட்டது. ஒரு நிறுவனம் குறித்த திகதிக்காக அந்தப் பணத்தைச் செலவிடுவதற்கு முன், அந்தத் திகதியின் பொருள் என்ன, எமக்கு முன் என்னென்ன வழிகள் உள்ளன என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

"ஆதரவு முடிந்தது" என்றால் என்ன?

பணிசெயல் முறைமை என்பது கணினியின் வன்பொருளுக்கும் நாம் பாவிக்கும் மென்பொருள்களுக்கும் இடையில் நின்று வேலை வாங்கும் மென்பொருள் என்பதைத் தரம் 10 இல் படித்திருக்கிறோம். கோடிக்கணக்கான வரிகளாக எழுதப்படும் இந்த மென்பொருளில் குறைகள் இருக்கவே செய்யும். அவை கண்டுபிடிக்கப்படும்போது, அவற்றை அடைப்பதற்கான இற்றைப்படுத்தல்களை நிறுவனம் அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த விநியோகம் நிற்பதையே "ஆதரவு முடிவு" என்கிறோம்.

ஆகவே ஒக்டோபர் 14 இற்குப் பின் எந்த மடிக்கணினியும் செத்துப்போகவில்லை. முன்பு போலவே அது இயங்கும். ஆனால் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படா. கதவு பூட்டுப் பழுதாகிவிட்டது என்று தெரிந்தும் திருத்த ஆளில்லாத வீட்டைப் போன்றது அது. கள்ளன் இன்று வருவான் என்றில்லை. என்றாலும் அந்த வீட்டில் நகையை வைப்போமா?

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2017 மே 12ஆம் திகதி பரவிய வனாகிரை என்ற தீநிரல், 150 இற்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரச மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகள் தடைப்பட்டன. அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் இற்றைப்படுத்தலை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவை அதை நிறுவாத கணினிகளும், ஆதரவு முடிந்திருந்த கணினிகளுமே.

ஏன் வின்டோஸ் 11 எமது கணினியை மறுக்கிறது?

2021 ஒக்டோபரில் வெளிவந்த வின்டோஸ் 11 சில நிபந்தனைகளை விதிக்கிறது. 4 ஜிபி ரெம், 64 ஜிபி சேமிப்பிடம் என்பவை பெரிய தடைகள் அல்ல. தடையாக நிற்பவை வேறு இரண்டு. ஒன்று, டீபீஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புக் கூறு. மறைகுறியாக்கச் சாவிகளைப் பத்திரமாக வைத்திருக்கும் சிறு பெட்டகம் என்று இதைச் சொல்லலாம். மற்றையது புரொசசரின் வயது. இன்டெல் நிறுவனத்தின் புரொசசர் எனில், 2017 இல் வெளிவந்த எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும் என்பது பொதுவிதி. மிகச் சில விதிவிலக்குகளே உண்டு. ஏஎம்டி புரொசசர் எனில் மைக்ரோசொப்ட் வெளியிட்டுள்ள பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5 புரொசசர் உள்ள மடிக்கணினி இன்றும் பாடசாலை வேலைகளுக்குத் தாராளமாகப் போதும். அது மறுக்கப்படுவது வலிமை இல்லாததால் அல்ல. எதுவரை சோதித்து ஆதரவு தருவது என்று நிறுவனம் போட்ட கோட்டுக்கு வெளியே நிற்பதால்தான்.

முதலில் உங்கள் கணினியை அறியுங்கள்

வைத்தியர் நோயைப் பார்த்த பின்பே மருந்து எழுதுவார். அதுபோல முடிவெடுப்பதற்கு முன் ஒரு கொப்பியில் இந்த நான்கு விடயங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, புரொசசர். செட்டிங்ஸ் பகுதியில் சிஸ்டம் என்பதற்குள் அபவுட் என்ற இடத்தில் இது இருக்கும். இன்டெல் ஐ3, ஐ5, ஐ7 எனில் அதற்கு அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். 6200 எனில் ஆறாம் தலைமுறை. 7200 எனில் ஏழு. 8250 எனில் எட்டு. எண் 10, 11, 12 எனத் தொடங்கினால் முறையே பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் தலைமுறை.

இரண்டாவது, ரெம் அளவும் கணினி 64 பிட் வகையா 32 பிட் வகையா என்பதும். இவையும் அதே இடத்தில் உண்டு.

மூன்றாவது, சேமிப்பகம். டாஸ்க் மனேஜரின் பெர்ஃபோமன்ஸ் பகுதியில் எச்டிடி என்று இருந்தால் அது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டி என்று இருந்தால் சுழலும் பாகங்கள் இல்லாத, வேகமான வகை.

நான்காவது, டீபீஎம். வின்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி என்பதற்குள் செக்யூரிட்டி புரொசசர் என்ற விபரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

புரொசசர் எட்டாம் தலைமுறையாக இருந்தும் "தகுதியற்றது" என்று வந்தால் மனம் தளர வேண்டாம். பல கணினிகளில் டீபீஎம் உள்ளே இருந்தும் பயோஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கிவிட்டு, மைக்ரோசொப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவச மென்பொருளால் மீண்டும் சோதித்துப் பாருங்கள். முறையான வின்டோஸ் 10 உரிமம் உள்ள கணினி தகுதி பெற்றால் வின்டோஸ் 11 இற்குத் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை.

எம்முன் உள்ள வழிகள்

தகுதி பெறாத கணினிக்கு மூன்று வழிகள் உள்ளன.

*முதல் வழி: சிறிது அவகாசம் பெறுதல்.* வின்டோஸ் 10 இன் 22எச்2 பதிப்பைப் பாவிக்கும் வீட்டுப் பாவனையாளர்களுக்கு, 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களைத் தரும் ஒரு நீடிப்புத் திட்டத்தை மைக்ரோசொப்ட் அறிவித்தது. ஒருமுறை 30 டொலர் செலுத்தியோ, கணினியின் அமைப்புகளை மைக்ரோசொப்ட் கணக்குடன் ஒத்திசைத்துக் கட்டணமின்றியோ இதில் சேரலாம். க.பொ.த. பரீட்சைக்கு முன் கணினியைக் கலைத்துப் போட விரும்பாத வீட்டுக்கு இது நல்ல வழி. ஆனால் இது தீர்வல்ல, தவணை மட்டுமே.

*இரண்டாம் வழி: நிபந்தனைகளைத் தாண்டி வின்டோஸ் 11 ஐ நிறுவுதல்.* ரூபஸ் போன்ற மென்பொருள்களால் நிறுவல் பென் ட்ரைவை உருவாக்கும்போது டீபீஎம் சோதனையை நீக்கிவிட முடியும். பலர் இப்படிச் செய்து பாவிக்கிறார்கள். பெரும்பாலும் நன்றாகவே இயங்குகிறது. ஆனால் இத்தகைய கணினிகளுக்கு இற்றைப்படுத்தல் கிடைக்கும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசொப்ட் தரவில்லை. வருடாந்தப் பெரிய இற்றைப்படுத்தல்களை நாமே கையால் நிறுவ நேரிடலாம். 2024 இல் வந்த 24எச்2 பதிப்பு, புரொசசரில் சில கட்டளைகள் இல்லாவிட்டால் ஆரம்பிக்கவே செய்யாது. அதனால் அதுவரை தாண்டி வந்த கோர் 2 டுவோ காலத்துக் கணினிகள் அத்துடன் நின்றுபோயின. இன்று திறக்கும் பின்கதவு நாளை பூட்டப்படலாம் என்பதை அறிந்தே இதில் இறங்க வேண்டும்.

*மூன்றாம் வழி: லினக்ஸ்.* ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டொர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கியது லினக்ஸ். இன்று உலகின் பெரும்பாலான இணையச் சேவையகங்களும், எமது கையில் இருக்கும் அன்ட்ரொயிட் போன்களும் அதன் மேலேயே இயங்குகின்றன. யாரும் பிரதி எடுக்கவும் பகிரவும் மாற்றவும் அனுமதி உள்ள திறந்த மூல மென்பொருள் அது. பழைய கணினியிலும் புத்தம் புதிய பதிப்பை நிறுவி, முறையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களைக் கட்டணமின்றிப் பெறலாம் என்பதே எமக்கு முக்கியம்.

லினக்ஸில் பல வெளியீடுகள் உண்டு. வின்டோஸ் பாவித்துப் பழகியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் இலகுவானது. 2024 இல் வந்த மின்ட் 22 இற்கு 2029 வரை ஆதரவு உண்டு. அதற்கு ஆகக் குறைந்தது 2 ஜிபி ரெம் வேண்டும். 4 ஜிபி இருந்தால் வசதி. இன்னும் இலகுவான பாரத்துடன் இயங்கும் லுபுண்டுவும் உண்டு. 32 பிட் மட்டுமே கொண்ட மிகப் பழைய கணினிகளுக்கு இவை இரண்டும் பொருந்தா. டெபியன் 12 அவற்றில் இயங்கும். 2025 ஓகஸ்ட்டில் வந்த டெபியன் 13 இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி கைவிடப்பட்டுவிட்டது. லினக்ஸுக்கும் எல்லை உண்டு என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

இது பள்ளிக்கூடத்துக்குச் சரிவருமா?

பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி இது. அயலில் உள்ள கேரளம் 2001 இல் பாடசாலைகளுக்கான தகவல் தொழினுட்பத் திட்டமொன்றை ஆரம்பித்து, பின்னர் அரச பாடசாலைக் கணினிகளைத் திறந்த மூல மென்பொருளுக்கு மாற்றியது. அங்கே பல இலட்சம் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி பழகினார்கள். தமிழ்நாட்டில் 2011 இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில், வின்டோஸுடன் பொஸ் லினக்ஸும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தது. அந்த பொஸ் லினக்ஸ் உருவானது சென்னையில்.

எமது பாடத்திட்டத்துக்கு வருவோம். சாதாரண தரத்தில் பஸ்கால் மொழி படிக்கிறோம். ஃப்ரீ பஸ்கால் லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. உயர்தரத்தில் பைதன், மின்ட்டில் அது நிறுவியபடியே வருகிறது. சொல்முறைப்படுத்தல், விரிதாள், முன்வைப்பு ஆகியவற்றுக்கு லிப்ரே ஒபிஸ் உண்டு. சூம் வகுப்பு, யூடியூப் பாடம், கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளம் எல்லாம் உலாவியிலேயே திறக்கும்.

தமிழில் தட்டச்சு செய்ய இலங்கையில் வழக்கிலுள்ள ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பையும், தமிழ்99 ஐயும் ஐபஸ் என்ற மென்பொருள் மூலம் சேர்த்துக்கொள்ளலாம். பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பழைய ஆவணங்கள், அந்த எழுத்துருவைக் கணினியில் சேர்த்தால் லினக்ஸிலும் திறக்கும். ஆனாலும் இனி எழுதுவதை யுனிகோடில் எழுதப் பழகுவதே நல்லது.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மைக்ரோசொப்ட் வேர்ட், எக்செல் ஆகியவற்றை வின்டோஸில் போல நிறுவிப் பாவிக்க முடியாது. சிக்கலான வேர்ட் ஆவணம் லிப்ரே ஒபிஸில் திறக்கும்போது வரிகளும் அட்டவணைகளும் சற்று இடம்மாறலாம். அடோபி போட்டோஷொப் இயங்காது. சில அச்சுப்பொறிகளும் சில வைஃபை அட்டைகளும் தொல்லை தரும். ஆகவே வாப்பாவின் கணக்கு வழக்கு ஒரு குறிப்பிட்ட வின்டோஸ் மென்பொருளில் இருந்தால், அந்தக் கணினியை மாற்ற அவசரப்பட வேண்டாம்.

செய்து பார்க்கும் முறை

லினக்ஸின் பெரிய வசதி, நிறுவாமலே பரீட்சித்துப் பார்க்க முடிவதுதான். மின்ட்டின் நிறுவல் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி அளவானது. டேட்டா வீணாகாமல் வேகமான இணைப்புள்ள இடத்தில் ஒருமுறை பதிவிறக்குங்கள். ரூபஸ் மூலம் 8 ஜிபி பென் ட்ரைவில் அதை ஏற்றுங்கள். பென் ட்ரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். பிரதி எடுப்பது உரிமத்தில் அனுமதிக்கப்பட்டது என்பதால், அந்த ஒரு பென் ட்ரைவே ஊரில் பத்து வீட்டுக்கு உதவும்.

கணினியை அணைத்து, பென் ட்ரைவைச் செருகி, ஆரம்பிக்கும்போது பூட் மெனு விசையை அழுத்துங்கள். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. லினக்ஸ் திரை வந்ததும் வைஃபை, ஒலி, கமரா, அச்சுப்பொறி, தமிழ்த் தட்டச்சு ஆகிய ஐந்தையும் சோதியுங்கள். பென் ட்ரைவிலிருந்து இயங்குவதால் சற்று மந்தமாக இருக்கும். அதை வைத்து வேகத்தைத் தீர்மானிக்க வேண்டாம். இரண்டு மூன்று நாட்கள் இப்படிப் பாவித்து, திருப்தி என்றால் மட்டும் நிறுவுங்கள். நிறுவும்போது, முழு வட்டையும் அழித்து நிறுவுவதா, வின்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவுவதா என்ற கேள்வி வரும். முதலாவதைத் தெரிவுசெய்தால் வட்டில் உள்ள அனைத்தும் போய்விடும். அந்தப் பக்கத்தில் மட்டும் இரண்டு தடவை வாசித்து, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள்.

தரவு ஓர் அமானிதம்

எந்த வழியைத் தெரிந்தாலும் முதல் வேலை பிரதி எடுத்து வைப்பதுதான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் படங்கள் என்பவற்றை விட்டுவிட்டு வந்த துயரத்தை எமது மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். இன்று அவையெல்லாம் கணினிக்குள் ஒரு கோப்புறையில் இருக்கின்றன. ஒரு தவறான பொத்தானுக்கு அவற்றை இழக்கலாமா? வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும், முடிந்தால் இணையச் சேமிப்பிலும் என இரண்டு பிரதிகள் எடுங்கள். எடுத்த பிரதி திறக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய கணினியை விற்பதானாலும் பிறருக்குக் கொடுப்பதானாலும், குடும்பப் படங்களையும் கடவுச்சொற்களையும் உள்ளே விட்டுக் கொடுக்கக் கூடாது. கோப்பை அழித்து மறுசுழற்சிக் கூடையைக் காலியாக்குவது போதாது. அவற்றை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வட்டை முழுமையாகத் துடைத்து அழித்த பின்பே கை மாற்றுங்கள். பெண்பிள்ளைகள் உள்ள வீடுகள் இதில் விசேட கவனம் எடுக்க வேண்டும்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

கணினி மந்தம் என்பதற்குப் பல நேரங்களில் காரணம் புரொசசர் அல்ல, சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். அதை எஸ்எஸ்டியாக மாற்றி, ரெம்மை 8 ஜிபியாக உயர்த்தினால் பழைய கணினியின் நடையே மாறிவிடும். புதியது வாங்குவதுடன் ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. கச்சான் காற்றுக் காலத்தில் எமது பிரதேசத்துப் புழுதி மடிக்கணினியின் விசிறியை அடைத்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை திறந்து துப்புரவாக்குவதும் பலன் தரும்.

பாவித்த மடிக்கணினி வாங்கும்போது, திரையில் வின்டோஸ் 11 தெரிகிறதே என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். நிபந்தனையைத் தாண்டி நிறுவியதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். புரொசசர் எத்தனையாம் தலைமுறை, வின்டோஸ் உரிமம் முறையானதா என்ற இரண்டையும் கேளுங்கள். இந்தக் கட்டுரையைப் படித்த உங்கள் மகளையே கூட்டிச் சென்று பார்க்கச் சொல்லுங்கள்.

பூட்டுடைத்த வின்டோஸ் பிரதிகளையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். அவற்றை உடைக்கும் மென்பொருளுடன் தீநிரல்களும் சேர்ந்து வருவதுண்டு. அத்துடன் உரிமையாளரின் அனுமதியின்றி எடுத்த ஒன்றை அறிவு தேடும் பாதையில் பாவிக்கலாமா என்று எம்மை நாமே கேட்டுக்கொள்ளவும் வேண்டும். அனுமதியோடு இலவசமாகக் கிடைக்கும் ஒன்று இருக்கும்போது, அந்தக் கேள்விக்கு விடை இலகுவானது.

வீண்விரயத்தை இஸ்லாம் கண்டிக்கிறது என்பதைச் சிறு வயதிலேயே படிக்கிறோம். தண்ணீரிலும் சோற்றிலும் அதைப் பேணுகிறோம். 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடி 20 இலட்சம் தொன் இலத்திரனியற் கழிவு சேர்ந்தது என்றும், அதில் நான்கில் ஒரு பங்குகூட முறையாக மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகவில்லை என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை சொல்கிறது. இயங்கக்கூடிய கணினியை எறிவதும் விரயமே. அதேவேளை, பாதுகாப்பற்ற கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது சிக்கனம் அல்ல, கவனயீனம்.

மாணவிகளே, இந்த விடுமுறையில் வீட்டுக் கணினியின் அந்த நான்கு விபரங்களையும் கொப்பியில் எழுதுங்கள். உம்மா வாப்பாவோடு இருந்து, மேலே சொன்ன வழிகளில் எது உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்று பேசி முடிவெடுங்கள். பிரதி எடுங்கள். பென் ட்ரைவில் பரீட்சித்துப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் வரைவிலக்கணமாக மனனம் செய்த பணிசெயல் முறைமையை உங்கள் கையால் ஒருமுறை நிறுவினால், அந்த அலகு வாழ்நாளில் மறக்காது. மூலையில் தூசி படிந்து கிடக்கும் அந்த மடிக்கணினியில், இன்ஷா அல்லாஹ், உங்கள் தங்கையும் உயர்தரம் வரை படிப்பாள்.